மசாலா விளையாட்டில் கங்கையம்மாள்

கங்கையம்மாளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "தெருவுல மீன் கூடை போனா ஜன்னலைச் சாத்தற மனுஷன், மீன்காரம்மாவைப் பத்தி எழுதறதாவது?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் கங்கையம்மாளின் முகத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, விளையாட்டுப் பொம்மையாக்கி, கையில் ஒரு மசாலாப் பாக்கெட்டைக் கொடுத்துக் கடற்கரையில் நிற்கவைத்தார்கள். அதைப் பார்த்தவர்களில் பேனா பிடிக்கிற பழக்கம் எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு. மற்றவர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அபிதா மசாலா மில் இருந்தது. நான் சிட்லபாக்கத்திலிருந்து சைக்கிளில் போய் அங்கே கணக்கு எழுதினேன். முதலாளி பொன்னுசாமி அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, அந்தப் பணத்தில் மிளகாய் அரைக்கிற மெஷின் வாங்கினார். அபிதகுஜாம்பாள் என்பது அவர் அம்மாவின் பெயர். பாக்கெட்டில் அவ்வளவு நீளப் பெயருக்கு இடமில்லை என்று அச்சகத்துக்காரன் சொல்லவே, பெற்ற தாயைப் பாதியாக வெட்டி அபிதா ஆக்கிவிட்டார். மில்லில் அதிகமாக விற்றது மீன் குழம்பு மசாலா. பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நான் அதற்குக் கணக்கு. "மீன் துண்ணாத புள்ள மீன் மசாலாவுல சம்பளம் துண்ணுது பாரு" என்று கங்கையம்மாள் என்னை வாரம் ஒருமுறையாவது கேலி செய்வாள்.

அவள் கோவளத்துக்காரி. கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக பஸ் பிடித்துத் தாம்பரம் சந்தைக்கு வருவாள். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற கண்டக்டர்கள் படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது. அவர்களையும் திட்டிக்கொண்டே வந்து, சந்தையில் விற்றது போக மிச்சத்தை ராஜகீழ்ப்பாக்கம் தெருக்களில் கூவி விற்பாள். கறுத்து, நல்ல உயரமாக இருப்பாள். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக்கயிறு. அந்த முகத்தில்தான் பொன்னுசாமி விழுந்தார்.

வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். அவர் முகராசி பார்க்கிறவர். ஒரு நாள் கங்கையம்மாள் எதிரே வந்தபோது பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்ததாம். அன்றிலிருந்து அவள் வந்து, அவளிடம் நாலு மீனாவது வாங்கி போணி செய்யாமல் மில்லில் கல்லாப்பெட்டியைத் திறக்க மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவர் மனைவி காந்தா அவளை வாசலில் உட்காரவைத்து மஞ்சளும் குங்குமமும் கொடுப்பாள். காசை இடுப்புச் சுருக்கில் அலட்சியமாகச் செருகுகிற கங்கையம்மாள், குங்குமத்தை மட்டும் முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குவாள். அது ஏன் என்று எனக்குத் தெரியும். பொன்னுசாமிக்கும் காந்தாவுக்கும் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் ரோடெல்லாம் தண்ணீர் நின்று, பஸ் கிடைக்காமல் அவள் மில் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்தபோது என்னிடம் சொன்னாள். எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகையில், புயல் வரப்போகிறது என்று தெரியாமல் அவளையும் சின்ன மகனையும் கரையில் விட்டுவிட்டு, அவள் புருஷன் எத்திராஜ் இன்னும் இரண்டு பேரோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போனான். மற்ற இரண்டு பேரின் உடல்களும் கரை ஒதுங்கின. எத்திராஜின் உடல் ஒதுங்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, காரியம் செய்துவிடு, தாலியை எடுத்துவிடு என்றார்கள். அவள் முடியாது என்றுவிட்டாள்.

"பொணத்தக் காட்டு, அழுவறேன்னு சொன்னேன் சார். கடலு திருப்பிக் குடுக்கலியே. அப்பறம் இன்னாத்துக்குத் தாலிய அறுக்கணும்?"

கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு என்று அவள் காதுபடவே ஊரில் சொன்னார்கள். ஒரு கல்யாணத்துக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சுமங்கலியாக முன்னால் நிறுத்தவும் பயம், விதவையாக ஓரமாக நிறுத்தவும் பயம். அதனால் கூப்பிடுவதையே விட்டார்கள். பக்கத்திலேயே கேளம்பாக்கம் இருக்க, அவ்வளவு தூரம் பஸ் ஏறித் தாம்பரத்துக்கு அவள் வந்தது இதற்காகத்தான்.

"இங்க வந்தா நான் புருசன் கீற பொம்பள சார். யாரும் கேள்வி கேக்கறதில்ல. பஸ்ஸு ஏறி வூட்டுக்குப் போனாதான் பேஜாரு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மீன்தான் சாப்பிட மாட்டேனே தவிர, வாயைக் கட்டத் தெரியும்.

தொண்ணூற்று ஏழாம் வருஷத் தொடக்கத்தில் பொன்னுசாமிக்கு வீடியோ கேம் பித்துப் பிடித்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே மணிக்கணக்கு வைத்துக் காசு வாங்குவார்கள். அந்தக் கட்டடக்காரரைப் பார்க்கப் போனவர், அரை நாள் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்தபோது முகம் ஜொலித்தது.

"ராஜகோபால் சார், கார் ரேஸ் ஆடறானுங்க. ரோட்டோரம் பூரா போர்டு. சிகரெட்டு போர்டு, கூல்டிரிங்க்ஸ் போர்டு, டயர் போர்டு. நாம சொவுத்துல எழுதினா, எழுதின மறுநாளே அது மேல இன்னொருத்தன் போஸ்டர் ஒட்றான். டிவியில போட்டா எழுந்து தண்ணி குடிக்கப் போறான். இங்க பாரு, நம்ம விளம்பரத்தப் பாக்க அவனே காசு குடுக்கறான்! கண்ணக்கூடச் சிமிட்ட மாட்டேங்கறான்!"

மனுஷன் சொன்னதில் தப்பே இல்லை. வெள்ளைக்காரன் எப்போதோ கண்டுபிடித்ததை ராஜகீழ்ப்பாக்கத்தில் மிளகாய் அரைத்துக்கொண்டே தானாகக் கண்டுபிடித்தார். எனக்குக்கூட அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த விளையாட்டைச் செய்துகொடுத்தவள் ஹில்டா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ரயில்வே குடும்பத்துப் பெண். வெடுக்கென்று பேசுவாள், வேலையில் சுத்தம். பொன்னுசாமி அவளிடம் கேட்டது இதுதான்: கடல் வேண்டும், கட்டுமரம் வேண்டும், மீன் பிடிக்கிற மீனவன் வேண்டும், கரையில் குழம்புச் சட்டியோடு காத்திருக்கிற மனைவி வேண்டும், எங்கே திரும்பினாலும் அபிதா மசாலா வேண்டும்.

ஹில்டா அப்படியே செய்தாள். விளையாடுகிறவன் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்திக் கட்டுமரத்தை ஓட்டி, அலைக்குத் தப்பி, மீன் பிடிக்க வேண்டும். மரத்தின் பாயில் பெரிதாக அபிதா என்று எழுதியிருக்கும். அலைமேல் மசாலாப் பாக்கெட்டுகள் மிதந்து வரும். மீனைப் பிடித்தால் பத்து மார்க், பாக்கெட்டைப் பிடித்தால் ஐம்பது.

"மீனைவிட மசாலாவுக்கு அதிகமா சார்?" என்று ஹில்டா கேட்டாள்.

"மீனு கடலு குடுக்குது. மசாலா நான்தானே குடுக்கறேன்" என்றார் அவர்.

பெரிய அலை மோதினால் மரம் கவிழ்ந்து மீனவன் முழுகிவிடுவான். முழுகுவது எதற்கு, அபசகுனமாக இருக்கிறதே என்று பொன்னுசாமி கொஞ்சம் தயங்கினார். தோற்காவிட்டால் ஒருத்தனும் திரும்ப ஆட மாட்டான் சார் என்று ஹில்டா புரியவைத்தாள். ஆளுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. மீனவனின் மனைவி மட்டும் மசாலாப் பாக்கெட்டை நீட்டிப் பிடித்தபடி கரையில் நிற்பாள். யாரும் ஆடாத நேரத்திலெல்லாம் அந்தத் தாம்பரம் கடையில் தெரியப்போவது அந்தப் படம்தான். அதனால் அந்த முகம் லட்சணமாக இருக்க வேண்டும் என்று பொன்னுசாமி சொன்னார். லட்சணம் என்றால் அவருக்கு ஒரே முகம்தான் தெரியும்.

போட்டோ எடுக்க வருவதற்கு முதல் நாள் கங்கையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, விளையாட்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கிச் சொன்னேன். மீனவன் முழுகுவான் என்பதையும் சொன்னேன்.

"நான் இன்னா செய்யணும் அதுல?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கரையில நிக்கணும்."

"அத்தத்தானே நெசத்துலயும் செய்யறேன். நிக்கறேன் போ" என்றாள்.

மறுநாள் புதுச் சேலை கட்டி, தலை நிறையக் கதம்பம் வைத்து, குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோக்காரன் சிரிக்கச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் யாரோ வருவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையே நன்றாக இருக்கிறது என்று ஹில்டா அதையே எடுத்துக்கொண்டாள்.

சித்திரை முதல் நாள் மில்லில் பூஜை போட்டு, விளையாட்டைத் தொடங்கிவைத்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, கீ போர்டின்மேல் ஒரு முழம் சாமந்தி. பூவை எடுக்காவிட்டால் பொத்தான் அமுங்காது என்று ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மில்லில் வேலை செய்கிற பெண்கள், கடைக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று கூட்டம். ராசியான கையால் ஆரம்பிக்க வேண்டும் என்று பொன்னுசாமி கங்கையம்மாளின் விரலைப் பிடிக்காத குறையாகப் பொத்தானை அழுத்தவைத்தார். திரையில் நீலக் கடல் விரிந்தது. வலது ஓரத்தில் மணல்மேட்டில் அவளே நின்றாள். முகம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள்தான் என்று யாரும் சொல்லிவிடலாம். நெற்றியில் குங்குமம் சிவப்பாகத் தெரிந்தது.

கூட்டம் கைதட்டியது. கங்கையம்மாள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

பொன்னுசாமி உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார். ஓட்டத் தெரியாமல் முதல் அலையிலேயே மரத்தைக் கொண்டுபோய் மோதினார். மீனவன் தண்ணீருக்குள் போனான். ஒரு கை மட்டும் கொஞ்சம் மேலே தெரிந்து, அதுவும் போனது. எல்லோரும் சிரித்தார்கள். கங்கையம்மாள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அடுத்த விநாடியே மரமும் ஆளும் கரையிலிருந்து புதிதாகக் கிளம்பின.

"ஐ, வந்துட்டாரு!" என்றாள்.

சின்னப் பெண் மாதிரி சொன்னாள். இரண்டாவது தடவையும் முழுகி, இரண்டாவது தடவையும் வந்தான். அவள் கையைத் தட்டினாள். மூன்றாவது தடவை பொன்னுசாமி இரண்டு மீனும் ஒரு பாக்கெட்டும் பிடித்தார், பிறகு அலை வந்தது. மரம் கவிழ்ந்தது. கை தெரிந்தது, போனது. கடல் அசைந்துகொண்டே இருந்தது. கரையில் அவள் மட்டும் பாக்கெட்டை நீட்டியபடி நின்றாள்.

கங்கையம்மாள் காத்திருந்தாள். மற்றவர்கள் சுண்டலுக்குக் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"வரலியே" என்றாள் ஹில்டாவிடம்.

"அவ்ளோதான் அக்கா. மூணு உயிர்தான்."

"அப்ப அவ?"

"யாரு?"

"தோ நிக்கறாளே, அவ. அவ எத்தினி நாழி நிப்பா?"

"ஆஃப் பண்ற வரைக்கும் நிப்பா."

கங்கையம்மாள் திரைக்குப் பக்கத்தில் போய்த் தன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவள வூட்டுக்குப் போவச் சொல்லு கண்ணு. பாவம், கால் வலிக்கும்."

ஹில்டா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் குரலில் இருந்ததைப் புரிந்துகொண்டாள். "நடக்க வெக்கலாம் சார், பெரிய வேலை இல்லை" என்று பொன்னுசாமியிடம் சொன்னாள். அவர் பிடிகொடுக்கவில்லை. அவள் போய்விட்டால் கையிலிருக்கிற பாக்கெட்டும் போய்விடும். கடைசிப் படத்தில் பாக்கெட் இல்லாவிட்டால் இவ்வளவு செலவும் எதற்கு? அவர் பக்கம் பார்த்தால் அதுவும் சரிதான்.

"சும்மா நிக்கட்டும் கங்கையம்மா. உனக்கு இன்னா நஷ்டம்? பொம்மதானே?" என்றார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில், கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள்.

"பதிமூணு வருசமா நிக்கறேன் மொதலாளி. எம் புருசன் புயல்ல போனவரு, இன்னும் வர்ல. எனக்குத் தெரியும் அவ இன்னா நெனச்சுகினு நிக்கறான்னு."

காந்தா குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், இரண்டடி பின்னால் போனாள். அவள் கெட்டவள் அல்ல. கால் தானாகப் போனது. பொன்னுசாமியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷமாக யார் முகத்தில் விழித்துக் கல்லாவைத் திறந்தோம் என்று மனுஷன் மனதுக்குள் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையைக் கூப்பி, "இத்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பொட்டு வெச்சிகினு வந்தா நாங்க இன்னான்னு நெனப்போம்? பொய்யில்லியா இது?" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை அடித்தது. எந்தக் கண்டக்டருக்கும் எந்தப் போலீஸ்காரனுக்கும் பதில் வைத்திருப்பவள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முறைப்படி காட்ட வேண்டிய இடத்தில் காட்ட முடியாததால், சுண்டல் கொடுத்தவனிடம் உப்பு அதிகம் என்று கத்தினேன்.

ஒரு வாரத்துக்குள் ராஜகீழ்ப்பாக்கம் முழுவதும் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கூவிக்கொண்டு போனால் இரண்டு வீட்டில் வாங்கினார்கள், பத்து வீட்டில் கதவு திறக்கவில்லை. பிறகு அவள் அந்தப் பக்கம் வருவதையே விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் கேட்டபோது நாலடி நடக்கவைக்க மறுத்த பொன்னுசாமி, அபசகுனம் என்றதும் முகத்தையே எடுக்கச் சொன்னார். காந்தாவின் முகத்தைப் போடலாம் என்றார். "எம் மூஞ்சியப் போட்டு, கடல்ல நீங்க முழுவறதா? நல்லாத்தான் கீது" என்று அந்த அம்மா மறுத்துவிட்டாள். வேறு எந்தப் பெண்ணும் அந்த மணல்மேட்டில் நிற்க ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஆளே வேண்டாம் என்று முடிவானது. ஹில்டா ஒரு பெரிய மசாலாப் பாக்கெட்டை வரைந்து அங்கே நிறுத்தினாள். தாம்பரம் கடையில் அது கொஞ்ச நாள் ஓடியது. மீனவன் மூன்று தரம் முழுகினான், கரையில் பாக்கெட் காத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அலுத்துப்போய், மறுபடி கார் ரேஸுக்கே போய்விட்டார்கள்.

வைகாசியில் ஒரு நாள் ஹில்டா மில்லுக்கு போன் செய்தாள். "சார், அந்த அம்மாவைக் கொஞ்சம் கூட்டிட்டு வர முடியுமா? அவங்க கேட்டதைச் செஞ்சு வெச்சிருக்கேன். யாருக்கும் விக்க இல்லை. அவங்க பார்க்கத்தான்."

நான் சாயங்காலம் தாம்பரம் சந்தைக்குப் போனேன். மீன் கடைகள் இருந்த பக்கம் அதற்குமுன் நான் காலெடுத்து வைத்ததில்லை. மூக்கைப் பொத்தினால் அவள் பார்த்துவிடுவாள் என்று பொத்தாமல் நடந்தேன். சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். குங்குமம் இருந்தது, அதே அளவில். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுந்தாள்.

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் முடிந்து பையன்கள் போயிருந்தார்கள். ஹில்டா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தானே ஆடினாள். வேண்டுமென்றே தோற்றாள் என்று நினைக்கிறேன். ஒரு தரம் முழுகினான், வந்தான். கங்கையம்மாள் இந்த முறை கைதட்டவில்லை. இன்னொரு தரம் முழுகினான், வந்தான். மூன்றாவது முறை கை மட்டும் தெரிந்து மறைந்தது. கடல் அசைந்தது. கரையில் நின்ற கங்கையம்மாளின் கையில் பாக்கெட் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள். மணலில் மெல்ல நடந்து, திரையின் ஓரத்துக்குப் போய், காணாமல் போனாள். கரை காலியாக இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் காலிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப அவரு வந்தா, கரையில யாரு இருப்பா?" என்றாள் கங்கையம்மாள்.

ஹில்டா பதறிப்போய், "இருங்க அக்கா, மாத்திடறேன், திரும்ப நிக்க வெச்சுடறேன்" என்று கீ போர்டுக்குப் போனாள். கங்கையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம் கண்ணு. இருக்கட்டும்."

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில கோவளத்துக்கு வாங்க. எம்மவன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். காரியம் செய்யணும். அங்க எனக்குன்னு பேச யாரும் இல்ல, நீங்க வந்து நில்லுங்க."

மறுநாள் போனோம். கரையில் ஊரே கூடியிருந்தது. இத்தனை வருஷம் அவளைக் கூப்பிடாதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உடல் இல்லாததால் வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, எத்திராஜின் பழைய வேட்டி ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். மகன் துரை குளித்து ஈரத்தோடு உட்கார்ந்திருந்தான். அப்பா போனபோது ஏழு வயது, இப்போது அவனும் கடலுக்குப் போகிறவன். பெண்கள் கங்கையம்மாளைச் சுற்றி அழுதார்கள். அவர்கள் அழுததில் பொய் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சடங்கு செய்து வைப்பவர் ஆரம்பிக்கும் முன், வருஷா வருஷம் திதி கொடுக்க வேண்டும் என்பதற்காக, "இறந்த நாளு சொல்லும்மா" என்று கேட்டார். கேட்டவரே, "அதான் தெரியுமே, எண்பத்து நாலு, கார்த்திகை" என்று தானே சொல்லிக்கொண்டு மேலே போகப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் கங்கையம்மாள். "நேத்து."

"இன்னாது?"

"நேத்து சாயங்காலம்."

அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று கூட்டம் சலசலத்தது. பஞ்சாயத்தார் ஒருவர் பொறுமையாகவே சொன்னார்: "அதே மரத்துல போன மத்த ரெண்டு பேருக்கும் கார்த்திகையிலதான் திதி குடுக்கறோம். இவனுக்கு மட்டும் வேற நாளு எப்படிம்மா?"

"அவங்க அன்னிக்கே கரைக்கு வந்துட்டாங்க. எம் புருசன் நேத்து வரைக்கும் இருந்தாரு." சடங்கு செய்து வைப்பவர் பக்கம் திரும்பினாள். "பதிமூணு வருசம் நான் வெச்ச பொட்டு, உயிரோட கீற புருசனுக்கு வெச்ச பொட்டு. அத்த பொய்யின்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. கார்த்திகைன்னு போட்டா பொய்யாப் பூடும். நேத்துன்னு போடு."

துரை தலையைத் தூக்காமலே, "அம்மா சொல்ற நாளையே வெச்சிக்கோங்க" என்றான்.

வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் அவள் எழுந்து, பெண்களோடு தண்ணீர்ப் பக்கம் போனாள். ஹில்டாவும் கூடப் போனாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து வெறும் நெற்றியோடு தாம்பரம் சந்தையில் பழைய இடத்திலேயே கடை போட்டாள். வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். கோவளத்தில் அந்தப் புயலில் போனவர்களுக்கெல்லாம் கார்த்திகையில் படையல் போடுவார்கள். அன்றைக்குக் கங்கையம்மாள் தாம்பரத்தில் மீன் விற்றுக்கொண்டிருப்பாள். எத்திராஜுக்கு மட்டும் வைகாசியில்தான் திதி.